செங்குத்தான மலை ஏற்றத்துக்கு 34/28 போதுமா? மிக லேசான கியரை எப்படித் தீர்மானிப்பது?

மலைவழிப்பயணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இரண்டு மாதங்கள் கழித்து 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மலைப்பாதையைச் சைக்கிளில் ஏறிக் கடக்கத் திட்டமிட்டிருக்கிறேன். பாதையின் சராசரிச் சரிவு 9 சதவீதம். ஆனால் எட்டாவது கிலோமீட்டர் முடிந்ததிலிருந்து பத்தாவது முடியும் வரை சரிவு 13 சதவீதத்திலேயே நிற்கிறது. அதற்கு நடுவே ஏறக்குறைய 300 மீட்டர் தூரத்துக்கு 16 சதவீதம் வரை போகிறது.

என்னிடம் இருப்பது 11 வேக ஷிமானோ 105 ஆர்7000 கியர் தொகுதி பொருத்திய சாலைச் சைக்கிள். முன்னால் 50, 34 பல் கொண்ட செயின்ரிங்குகள் (50/34), பின்னால் 11-28 கேசட் (11 பல் முதல் 28 பல் வரையிலான பற்சக்கரத் தொகுப்பு), குட்டைக் கூண்டு டெரெய்லர் (செயினைப் பல் மாற்றும் கருவி), 170 மி.மீ. கிராங்க் (பெடல் தண்டு), 28 மி.மீ. டயர். என் எடை 78 கிலோ. சைக்கிள், தண்ணீர், சிறு பை எல்லாம் சேர்த்தால் மொத்தம் 90 கிலோ. வீட்டுக்குள் வைத்து மிதிக்கும் பயிற்சிக் கருவியில் ஒன்றரை மணி நேரம் சுமார் 190 வாட் தாங்குகிறேன்.

சென்ற வாரம் 4 கிலோமீட்டர் நீளமுள்ள 8 சதவீத ஏற்றம் ஒன்றை முயன்று பார்த்தேன். மிக லேசான கியரில் (முன்னால் 34 பல், பின்னால் 28 பல், அதாவது 34/28) மிதித்தும் கேடன்ஸ் (பெடல் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 57-ஐத் தாண்டவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது முட்டிச் சில்லுக்குச் சற்றுக் கீழே வலி தெரிந்தது. உடன் வந்தவர்களில் ஒருவர் கேசட்டை மாற்று என்கிறார், இன்னொருவர் கிராங்கை மாற்று என்கிறார், மூன்றாமவர் காலை மாற்று என்கிறார். எதை நம்புவது, எந்த அடிப்படையில் முடிவெடுப்பது என்று தெரியவில்லை.

பற்சக்கரம்

நீங்கள் கொடுத்திருக்கும் விவரங்கள் போதுமானவை. பெரும்பாலானோர் எடையையும் சொல்லமாட்டார்கள், சரிவையும் சொல்லமாட்டார்கள், "34 போதுமா" என்று மட்டும் கேட்பார்கள். எத்தனை பல் வேண்டும் என்று கேசட்டிலிருந்து தொடங்காமல், மலையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். செங்குத்தான ஏற்றத்தில் காற்றுத் தடை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. உங்கள் உழைப்பு முழுவதும் 90 கிலோவை உயரத் தூக்குவதற்கே போகிறது. அதனால் வேகத்தைக் கணக்கிட எளிய வழி ஒன்று இருக்கிறது: வாட்டை 34 ஆல் பெருக்கி, மொத்த எடையாலும் சரிவுச் சதவீதத்தாலும் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கிடைத்துவிடும். புவியீர்ப்பை மட்டும் எடுத்தால் அந்த எண் 36.7 வரும், செயினிலும் டயரிலும் போகும் இழப்புக்காக நான் 34 என்று வைத்துக்கொள்கிறேன். (இந்த 34-க்கும் செயின்ரிங்கின் 34-க்கும் எந்த உறவும் இல்லை, குழம்பிவிட வேண்டாம்.)

உங்களுக்கு 9 சதவீதத்தில் மணிக்கு 8 கி.மீ., 13 சதவீதத்தில் 5.5 கி.மீ., 16 சதவீதத்தில் 4.5 கி.மீ. வருகிறது. எந்தக் கியரைப் பொருத்தினாலும் இந்த வேகம் பெரிதாக மாறப்போவதில்லை. அந்த வேகத்தில் உங்கள் கால்கள் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகின்றன என்பதை மட்டும்தான் கியர் தீர்மானிக்கிறது.

28 மி.மீ. டயர் பூட்டிய சக்கரம் ஒரு சுற்றில் 2.14 மீட்டர் நகர்கிறது. 34/28 கியரில் பெடலின் ஒரு சுற்றுக்கு 2.6 மீட்டர். அப்படியானால் 9 சதவீதத்தில் உங்கள் கேடன்ஸ் 51, 13 சதவீதத்தில் 35, 16 சதவீதத்தில் 29. சென்ற வாரம் நீங்கள் பார்த்த 57 என்ற எண்ணும் இந்தக் கணக்கிலிருந்து அப்படியே வருகிறது, சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேடன்ஸ் 35 என்றால் காலுக்கு என்ன ஆகிறது என்பதையும் பார்த்துவிடலாம். 190 வாட்டை நிமிடத்துக்கு 35 சுற்றில் கொடுக்க வேண்டுமானால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 320 ஜூல் வேலை. 170 மி.மீ. கிராங்கில் பெடல் வரையும் வட்டத்தின் நீளம் 1.07 மீட்டர், எனவே சுற்று முழுவதும் சராசரியாக 30 கிலோவுக்குச் சமமான விசை தேவைப்படுகிறது. ஆனால் மேலும் கீழும் பெடல் திரும்பும் இடங்களில் கால் ஏறக்குறைய சும்மா இருப்பதால், கிராங்க் கிடைமட்டமாக வரும் கணத்தில் அது இரு மடங்காகி 60 கிலோவை நெருங்கும். உங்கள் உடல் எடையே 78 கிலோ. ஒவ்வொரு மிதியிலும் ஒற்றைக் காலில் படியேறுவது போல, இரண்டு கிலோமீட்டர், இருபது நிமிடங்களுக்கு மேல். முட்டி வலி எங்கிருந்து வந்தது என்று இனி தேட வேண்டியதில்லை.

பின்னால் மட்டும் 34 போட்டால் (34/34) கேடன்ஸ் முறையே 62, 43, 35 ஆகும். முன்னால் 46/30 கிராங்கும் சேர்ந்தால் (30/34) 70, 49, 40 ஆகும். 13 சதவீதப் பகுதியில் உச்ச விசையும் 45 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். உட்கார்ந்தபடி நீண்ட நேரம் மிதிக்கக் கேடன்ஸ் 60-க்குக் குறையாமலும், பாதையின் மிகக் கடினமான ஒன்றிரண்டு கிலோமீட்டரில் 50-ஐ ஒட்டியும் இருந்தால் பெரும்பாலான கால்கள் தாங்கும் என்பது என் அனுபவம். அந்த அளவுகோலின்படி உங்களுக்குத் தேவை 30/34. 16 சதவீதம் வரும் 300 மீட்டரில் எழுந்து நின்று 40-இல் மிதித்துக் கடந்துவிடலாம், நான்கே நிமிடம்தான்.

ஒற்றையடி

மாற்றுக் கருத்துக்கு மன்னிக்கவும். 34/28 என்பது பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு எல்லோரும் மலையேறிய கியர்தான். அதற்கும் முன்பு 39/25 வைத்துக்கொண்டு ஏறினார்கள்; டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் டெரெய்லரையே 1937 வரை அனுமதிக்கவில்லை, அடிவாரத்தில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்திலிருந்த பெரிய பல்லுக்கு மாறத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். இரண்டு மாத அவகாசம் இருக்கிறது. மூன்று கிலோ எடையைக் குறைத்து, வாரம் இரண்டு நாள் ஏற்றத்தில் பயிற்சி செய்தால் பணச் செலவின்றியே வேலை முடியும். இன்னொன்று: 11-28 கேசட்டில் 11 முதல் 15 வரை ஒவ்வொரு பல்லாக நெருக்கமாக ஏறுகிறது. 11-34 போட்டால் 12-ம் இல்லை, 14-ம் இல்லை. 11, 13, 15 என்று தாவும். சமதளத்தில் கூட்டமாகப் போகும்போது கால் எப்போதும் தனக்கேற்ற கியரைத் தேடிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு நாள் ஏற்றத்துக்காக ஆண்டு முழுவதும் அந்தத் தொல்லையைச் சுமக்க வேண்டுமா?

பற்சக்கரம்

கேசட்டின் இடைவெளி பற்றிச் சொன்னது உண்மை. சமதளத்தில் அது உறுத்தத்தான் செய்யும். கேசட்டைக் கழற்றி மாட்டப் பத்து நிமிடம் போதும் என்பதால், இரண்டையும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருவன்.

பயிற்சியும் எடைக் குறைப்பும் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவற்றால் கிடைப்பதையும் கியரால் கிடைப்பதையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். 28-லிருந்து 34 பல்லுக்கு மாறினால் அதே உழைப்பில் கேடன்ஸ் 21 சதவீதம் கூடுகிறது. மூன்று கிலோ குறைந்தால் கூடுவது 3.4 சதவீதம். அதே 21 சதவீதத்தை எடையால் மட்டும் ஈட்ட வேண்டுமானால் 90 கிலோ 74 ஆக வேண்டும். உழைப்பால் மட்டும் என்றால் 190 வாட் 230 ஆக வேண்டும். இரண்டே மாதத்தில் இதில் எது நடக்கும்?

பழைய காலத்தவரை எடுத்துக்காட்டும்போது கதையின் மற்றப் பாதியையும் சேர்த்துச் சொல்வது நியாயம். 1910-இல் டூர் முதன்முதலாகத் தூர்மலே கணவாயைக் கடந்தபோது, அந்த ஆண்டின் வெற்றியாளரான ஒக்தாவ் லாபீஸே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்; இறங்காமல் ஏறிய குஸ்தாவ் காரிகூவுக்கு அதற்கென்றே தனிப் பரிசு கிடைத்தது. இறங்காமல் ஏறுவதே பரிசுக்குரிய செயலாக இருந்த காலம் அது. பின்னர் வந்த 39/25-உம் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஏறக்கூடிய கால்களுக்காக அமைந்தது. 8 கி.மீ. வேகத்தில் ஏறுபவர் அதே கியரைப் பூட்டினால், அவருடைய பெடல் பாதி வேகத்தில்தான் சுற்றும்.

எண்ணெய்க்கை

கணக்கைப் பற்சக்கரம் அவர்கள் முடித்துவிட்டார். நான் பொருத்துவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் கணக்குச் சரியாக இருந்தும் பாதி வழியில் நின்றவன் நான்.

முதலில் உங்கள் பின் டெரெய்லர். ஆர்7000-இல் குட்டைக் கூண்டு வகை 30 பல் வரைதான் ஏற்கும். நீளக் கூண்டு வகை 34 வரை ஏற்கும். டெரெய்லரின் பின்புறத்தில் எஸ்எஸ், ஜிஎஸ் என்ற எழுத்துகளில் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். எஸ்எஸ் குட்டை, ஜிஎஸ் நீளம். பி-ஸ்க்ரூவை (டெரெய்லருக்கும் கேசட்டுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் திருகு) முழுவதும் உள்ளே திருகி 32 வரை ஓட்டிவிட்டோம் என்று சிலர் சொல்வார்கள், சில சைக்கிள் சட்டங்களில் (ஃபிரேம்) அது நடக்கவும் செய்யும். ஆனால் 34-க்கு அந்த வித்தை உதவாது. டெரெய்லரின் மேல் உருளை கேசட்டின் பல்லில் உரசிக் கரகரக்கும். ஹேங்கரை (டெரெய்லர் தொங்கும் கொக்கித் துண்டு) கீழே இறக்கும் நீட்டிப்புத் துண்டும் கிடைக்கிறது. அது உரசலைத்தான் தீர்க்கும், தளர்ந்த செயினை இழுத்துப் பிடிக்கும் திறனைக் கூட்டாது. உங்கள் நிலைமையில் நீளக் கூண்டு டெரெய்லர் வாங்குவதே நேர்வழி.

அந்தத் திறனையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். முன்னால் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 16, பின்னால் 34-லிருந்து 11-ஐக் கழித்தால் 23, கூட்டினால் 39. நீளக் கூண்டின் எல்லையும் 39-தான். 46/30 கிராங்குக்கு மாறினாலும் முன்பக்க வித்தியாசம் அதே 16 என்பதால் இந்தக் கூட்டுத்தொகை மாறாது.

11-34 கேசட் வாங்கும்போது, அதனுடன் வரும் 1.85 மி.மீ. வளையத்தை வேண்டாத பொருள் என்று எடுத்து வைத்துவிடாதீர்கள். அந்தக் கேசட் மலைச் சைக்கிள் ஹப்பின் (சக்கரத்தின் மையப் பகுதி) அகலத்துக்கு ஏற்பச் செய்யப்பட்டது. 11 வேகச் சாலை ஹப்பில் ஏற்றும்போது அந்த வளையத்தை முதலில் போட்டுவிட்டுத்தான் கேசட்டை ஏற்ற வேண்டும். போடாவிட்டால் பூட்டு வளையத்தை எவ்வளவு முறுக்கினாலும் கேசட் லொடலொடவென்று ஆடும்.

இனி என் கதை. ஒரு மலைப் பயணத்துக்கு முந்தைய இரவு 11-28-ஐக் கழற்றிவிட்டு 11-34 போட்டேன். டெரெய்லர் நீளக் கூண்டுதான், வளையமும் போட்டேன், சைக்கிள் ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தபோது எல்லாக் கியரும் அழகாக மாறின. முன்னால் பெரியதும் பின்னால் பெரியதும் சேரும் கியரை மட்டும் சோதிக்கவில்லை, அதை யார் பயன்படுத்தப்போகிறார்கள் என்ற நினைப்பு. மறுநாள் ஒரு வளைவு திரும்பியதும் எதிர்பாராத மேடு. களைப்பில் முன்னால் மாற்ற மறந்து, பின்னால் ஒவ்வொன்றாக மேலே தள்ளிக்கொண்டே போனேன். செயின் 34-இல் ஏற முற்பட்டதும் டெரெய்லரின் கூண்டு முழுவதும் முன்னோக்கி நீண்டு கம்பிபோல் விறைத்தது, அடுத்த அரைச் சுற்றில் ஹேங்கர் முறிந்து டெரெய்லர் ஆரக்கம்பிகளுக்குள் போய்விட்டது. செயினின் நீளத்தை மாற்றாமல் விட்டது என் தவறு, வேறு யாரையும் சொல்வதற்கில்லை. ஒன்பது கிலோமீட்டர் இறங்கி நடந்தேன்.

ஆகவே கேசட் மாறினால் செயினும் மாற வேண்டும். முன்னாலும் பின்னாலும் உள்ள பெரிய பற்களின் கூட்டுத்தொகை நான்கு பல் கூடினால் செயின் ஓர் அங்குலம், அதாவது இரண்டு கண்ணிகள், நீள வேண்டும். உங்களுக்கு ஆறு பல் கூடுகிறது. மூன்று கண்ணி கணக்கில் வந்தாலும், உள்தகடும் வெளித்தகடும் மாறி மாறி வருவதால் இரட்டைப்படையில்தான் சேர்க்க முடியும், எனவே நான்கு. பழைய செயினில் துண்டு சேர்ப்பதை விடப் புதிய செயினை அளந்து வெட்டுவது நல்லது.

மலைவழிப்பயணி

மூவருக்கும் நன்றி. செலவைப் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்: முதலில் நீளக் கூண்டு டெரெய்லர், 11-34 கேசட், புதிய செயின், ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு கிராங்க். இடையில் இரண்டு ஐயங்கள். ஒன்று, 46/30 போட்டால் இறக்கத்தில் வேகம் போதாமல் போகுமா? இரண்டு, முன்னால் ஒற்றை 40 பல், பின்னால் 11-42 என்று மாற்றிவிட்டால் எல்லாம் எளிதாகிவிடும் என்று ஒருவர் சொன்னார், அது எப்படி?

பற்சக்கரம்

46/11 கியரில் கேடன்ஸ் 90 என்றால் மணிக்கு 48 கி.மீ.; 50/11-இல் 52. அந்த நான்கு கிலோமீட்டர் வித்தியாசம் பந்தயத்தில் தேவைப்படலாம். மலையிறக்கத்தில் அந்த வேகத்துக்கு மேல் போகும்போது நீங்கள் மிதிக்கவே மாட்டீர்கள், பிரேக்கில்தான் கை இருக்கும்.

பெடலின் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் எத்தனை சுற்று என்று பார்த்தால், 40/42 என்பது 0.95, 34/34 என்பது 1, 30/34 என்பது 0.88. ஆகவே ஒற்றைச் செயின்ரிங் உங்களுக்கு வேண்டிய இடம் வரை இறங்கவில்லை, கியர்களுக்கு இடையிலான தாவலும் கூடுகிறது, டெரெய்லரையும் வேறு வகைக்கு மாற்ற வேண்டியிருக்கும். விட்டுவிடலாம்.

சரிவைப் பற்றி இன்னும் ஒன்று. நீங்கள் கிலோமீட்டர் வாரியாகப் பார்த்திருக்கிறீர்கள், அது மிகச் சரி. பிரான்சின் ஆல்ப் துவேஸ் ஏற்றமும் ஸ்பெயினின் அங்லிரு ஏற்றமும் காகிதத்தில் ஒன்றுபோலத் தெரியும்: முன்னது 13.8 கி.மீ., சராசரி 8.1 சதவீதம், பின்னது 12.5 கி.மீ., சராசரி 10-ஐ ஒட்டி. ஆனால் அங்லிருவின் முதல் பாதி சாதுவானது. கடைசி ஆறு கிலோமீட்டர் 13 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது, ஓரிடத்தில் 23.5 வரை போகிறது. சராசரியைப் பார்த்துக் கியர் தேர்ந்தவர் அங்கே அகப்பட்டுக்கொள்வார். அதே போலக் கீழ் எல்லையும் உண்டு: மணிக்கு 4 கி.மீ.க்குக் கீழே போனால் சைக்கிளை நேராக நிறுத்துவதே பாடாகிவிடும், அதற்கு மேல் லேசான கியர் பூட்டிப் பயனில்லை. உங்கள் 16 சதவீதப் பகுதி 4.5-இல் முடிவதால், 30/34-க்குக் கீழே தேட வேண்டாம் என்று சொல்கிறேன்.

மலைவழிப்பயணி (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

டெரெய்லர், கேசட், செயின் மூன்றும் மாற்றியாகிவிட்டது. அதே 8 சதவீத ஏற்றத்தை, அதே உழைப்பில், மறுபடி ஏறினேன். நேரத்தில் இருபது வினாடிதான் வித்தியாசம். கேடன்ஸ் மட்டும் 57-லிருந்து 69 ஆகியிருக்கிறது. மேலே போனபோது மூச்சு முன்பைவிடச் சற்று அதிகமாக வாங்கியது, ஆனால் முட்டியில் வலி இல்லை. ஒற்றையடி அவர்கள் சொன்னபடி சமதளத்தில் 13-க்கும் 15-க்கும் நடுவே ஒரு பல்லைக் கால் தேடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் 46/30 கிராங்க் வருகிறது, ஷிமானோ ஜிஆர்எக்ஸ் வகை (கரடுமுரடான பாதைச் சைக்கிள்களுக்கானது). முன்பு செயினில் 106 கண்ணிகள் இருந்தன, இப்போது 110. கிராங்கை மாற்றும்போது செயினையும் மறுபடி தொட வேண்டுமா?

எண்ணெய்க்கை

தொட வேண்டும், ஆனால் இந்த முறை குறைப்பதற்கு. பெரிய பற்களின் கூட்டுத்தொகை 50 + 34 = 84 ஆக இருந்தது 46 + 34 = 80 ஆகிறது; நான்கு பல் குறைவு, இரண்டு கண்ணி குறைவு. 108-க்கு வெட்டிவிடுங்கள். வெட்டுவதற்கு முன், டெரெய்லருக்குள் விடாமல் செயினைப் பெரிய செயின்ரிங்கின் மீதும் 34 பல்லின் மீதும் நேராகச் சுற்றி இழுத்துப் பிடித்து, நுனிகள் சந்திக்கும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணிகள் மிச்சம் வருகின்றனவா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிஆர்எக்ஸ் கிராங்கில் செயின்ரிங்குகள் சாலை வகையைவிட 2.5 மி.மீ. வெளியே தள்ளி அமைந்திருக்கும். அதற்கென்று உள்ள முன் டெரெய்லரையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். அதைப் பொருத்தும்போது, 46 பல் செயின்ரிங் 50-ஐ விடச் சிறியது என்பதால் டெரெய்லரை 8 மி.மீ. அளவுக்குக் கீழே இறக்க வேண்டும். கூண்டின் வெளித்தகட்டுக்கும் பல்லின் நுனிக்கும் நடுவே ஒன்று முதல் மூன்று மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். டெரெய்லரைத் தாங்குவது சைக்கிள் சட்டத்தில் பற்றவைத்த தாங்கியாக இருந்தால் அதிலுள்ள துளை அவ்வளவு கீழே இறங்குகிறதா என்பதைக் கிராங்க் வந்து சேர்வதற்குள் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

மலைவழிப்பயணி

அளந்துவிட்டேன். துளையில் இன்னும் 11 மி.மீ. மிச்சம் இருக்கிறது.